மான் இல்லை என்று கையெழுத்துப் போட்டவர்

கூகைப்பட்டி ராக்கன் முதன்முதலாக அரசாங்கக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டது ஒரு பொய்யின் அடியில்தான். அது 1953-ஆம் வருஷம். அப்போது அவருக்கு நாற்பத்து மூன்று வயது. அந்த ஒரு கையெழுத்தால் ஒரு பள்ளத்தாக்கே போகப் பார்த்தது.

கூகைப்பட்டி கீரனூருக்குத் தெற்கே, பஸ் ரோட்டை விட்டு மூன்று மைல் உள்ளே இருக்கிறது. ஊரின் தென்புறத்தில் கூகைமலை, சட்டிமலை என்று இரண்டு பாறை மலைகள் எதிரெதிரே நிற்கின்றன. பெரிய மலைகள் என்று சொல்ல முடியாது. சோறு தின்றுவிட்டுப் புறப்பட்டால் வெயில் ஏறுவதற்குள் உச்சிக்குப் போய்த் திரும்பிவிடலாம். ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒன்றரை மைல் நீளத்துக்கு ஒரு பள்ளத்தாக்கு கிடக்கிறது. உசிலை, வீரை, காரை, சூரை என்று மரமும் முள்ளும் பின்னிக் கிடக்கும் காடு. பாறையில் விழும் மழை அங்கே இறங்கி, வேர்களுக்குள் தங்கி, சுனையாகக் கசிந்து ஊர்க் கண்மாய்க்கு வருகிறது. சுற்று வட்டாரத்துக் கண்மாய்கள் மாசியில் வெடித்துக் கிடக்கும்போது, கூகைப்பட்டிக் கண்மாயில் மாடு குளிப்பாட்டலாம். ராக்கனின் இரண்டு குறுக்க நிலமும் அந்தத் தண்ணீரை நம்பித்தான் இருந்தது.

அந்தக் காட்டில் புள்ளிமான் இருந்தது. சமஸ்தான காலத்தில் அதுவே ஊருக்குப் பெரிய தொல்லையாகப் போயிற்று. மான் இருக்கிறது என்று தெரிந்தால் பெரிய மனிதர்கள் வேட்டைக்கு வருவார்கள். பள்ளத்தாக்கின் தென்கோடி குறுகி, ஒரு வண்டி போகிற அகலத்துக்குச் சந்தாகிவிடும். அதற்கு மேலே பாறையில் துப்பாக்கியோடு அவர்கள் உட்கார்ந்துகொள்வார்கள். ஊர் ஆண்கள் எல்லோரும் வடக்கே கண்மாய்ப் பக்கமிருந்து வரிசையாக நுழைந்து, தப்பு அடித்து, தகரம் தட்டி, தொண்டை கிழியக் கத்தி மான்களைச் சந்துக்கு விரட்ட வேண்டும். அதற்குக் கலைப்பு என்று பெயர். கூலி கிடையாது. நாற்று நடவு இருந்தாலும் சரி, வீட்டில் பிணம் கிடந்தாலும் சரி, மூன்று நாள் போய்த்தான் ஆக வேண்டும். ஒரு கலைப்பில் ராக்கனின் அண்ணன் உடையப்பனின் தொடையைக் காட்டுப்பன்றி கிழித்துவிட்டது. அதற்குப் பிறகு உடையப்பனால் ஏர் பிடிக்க முடியவில்லை.

ஆகவே கூகைப்பட்டியில் யார் வந்து கேட்டாலும் ஒரே பதில்தான். "மான் ஒண்ணுகூட இல்லீங்க." தாலிகட்டி வந்த மருமகளுக்கு முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிவிடுவார்கள். மான் என்ற சொல்லையே ஊரில் புழங்குவதில்லை. புள்ளிக்காரி என்றுதான் பேசிக்கொள்வார்கள். "நேத்து புள்ளிக்காரி நாலு பேரு கொல்லையில நின்னாளுக" என்றால் வெளியூர்க்காரனுக்கு ஒன்றும் விளங்காது.

1948-இல் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. அந்தச் செய்தி வந்த அன்று ஊர் ஆண்கள் கலைப்புக் கம்புகளை எல்லாம் அடுக்கி, அதை விறகாக வைத்துப் பொங்கி எல்லோரும் தின்றார்கள். இனி எவன் வந்து கூப்பிட்டாலும் கலைப்புக்குப் போவதில்லை என்று சத்தியம் செய்தார்கள். முதலில் சத்தியம் செய்தவர் ராக்கன். கலைப்பு வரிசையில் நடுவில் நின்று மற்றவர்களை நடத்தியவரும் அவர்தான்.

ஐந்து வருஷம் கழித்து ஒரு நாள் ஃபாரஸ்டர் சந்தனசாமி சைக்கிளில் வந்து இறங்கினார். ஆவூர்க்காரர். வேலைக்குப் புதிது, நல்ல மனிதர். பள்ளத்தாக்கு ரிசர்வ் காடாகத் தொடரலாமா என்று பார்ப்பதற்காக, அதில் என்னென்ன விலங்கு இருக்கிறது என்று எழுதப் படிவம் கொண்டுவந்திருந்தார். சாவடியில் கூட்டம் கூடிற்று.

"புள்ளிமான் எத்தனை இருக்கும்?" என்று கேட்டார்.

"ஒண்ணுகூட இல்லீங்க" என்றார் ராக்கன். யோசிக்கவே இல்லை. தும்மல் மாதிரி வந்துவிட்டது.

"முன்னால இருந்துச்சாமே?"

"அது எங்க பாட்டன் காலத்துலங்க."

ஓரத்தில் நின்ற ஒரு கிழவி, "புள்ளிக்காரிதான் நெறைய" என்று முனகினாள். அவளைப் பக்கத்திலிருந்தவர்கள் கிள்ளினார்கள். சந்தனசாமி அது ஏதோ அம்மன் என்று நினைத்து, "காட்டுக்குள் புள்ளிக்காரி கோயில் உள்ளது" என்று குறிப்பு எழுதிக்கொண்டார்.

கடைசியில் ஊர் சார்பாக ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். ராக்கன் அதற்கு முந்தின வருஷம்தான் முதியோர் வகுப்பில் பெயர் எழுதப் பழகியிருந்தார். எங்காவது அதைப் போட்டுக் காட்ட வேண்டும் என்று கை அரித்துக்கொண்டிருந்தது. புள்ளிமான் இல்லை என்று எழுதியிருந்ததற்குக் கீழே, ரா-வன்னாவுக்குக் கால் நீளமாக இழுத்து, அழகாகப் போட்டார்.

1955 ஐப்பசியில் சாவடிச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். பள்ளத்தாக்கில் குறிப்பிடத்தக்க விலங்குகள் எதுவும் இல்லாததால் அதை ரிசர்விலிருந்து நீக்கி, கல் வெட்டக் குத்தகைக்கு விட உத்தேசம். ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளைக்குள் தெரிவிக்கலாம். மறு வாரமே காண்ட்ராக்டரின் ஆட்கள் வந்து கண்மாய்க்கரையில் கொட்டகை போட்டு, சட்டிமலை அடிவாரத்தில் சுண்ணாம்பால் கோடு கிழித்தார்கள். வெடி வைத்தால் பாறை பிளக்கும். பாறை பிளந்தால் சுனை எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாது. இது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் புரிந்தது.

ராக்கன் கீரனூருக்கு நடந்தே போய்ச் சந்தனசாமியைப் பார்த்தார்.

"மான் இருக்குங்க" என்றார்.

சந்தனசாமி பேனாவைக் கீழே வைத்தார். "ஒண்ணுகூட இல்லேன்னு நீங்கதானே சொன்னீங்க? உங்க கையெழுத்து ஆபீசில இருக்கு."

"பொய்ங்க."

"இதை நான் எப்படி மேலே எழுதுறது? முந்தி சொன்னது பொய்யா, இப்பச் சொல்றது பொய்யான்னு கேப்பாங்க."

சந்தனசாமிக்கு மனசு கேட்கவில்லை. அவர் எழுதிப் போட்ட கடிதத்துக்கு இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. மாசி பத்தாம் தேதி திருச்சியிலிருந்து பெரிய ஆபீசரே வந்து பார்ப்பார். காலை ஏழு மணிக்கு வருவார், பத்து மணிக்குப் புறப்பட்டுவிடுவார். அந்த மூன்று மணி நேரத்துக்குள் அவர் கண்ணால் மானைப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் குத்தகை உறுதி.

அந்தக் காட்டில் மூன்று மணி நேரம் இல்லை, மூன்று நாள் உட்கார்ந்தாலும் மான் கண்ணில் படாது. பத்தடி தூரத்தில் படுத்திருந்தாலும் தெரியாத அடர்த்தி. ஒரே ஒரு வழிதான் இருந்தது. அதை ராக்கன் சாவடியில் சொன்னபோது அவர் மச்சான் நல்லதம்பி சிரித்துவிட்டார்.

"கலைப்பா? கம்பை எரிச்சுப் பொங்கித் தின்னமே, அது செரிச்சிருச்சா மச்சான்?"

"இது சுடுறதுக்கு இல்லடா. எண்ணுறதுக்கு."

"தப்பு அடிச்சா புள்ளிக்காரி நாலு காலப் பாய்ச்சல்ல போவா. எண்ணவா முடியும்? பத்துக் குட்டி மிதிபட்டுச் சாகும். ஆபீசரு, ஏண்டா மானைக் கொல்றீங்கன்னு ஒன்னையப் பிடிச்சு ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போவாரு."

நல்லதம்பி கேலியாகச் சொன்னாலும் அது உண்மைதான். ராக்கன் வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி அழகி கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சோத்துல என்ன மானத் தேடுறீங்க?"

அவர் விஷயத்தைச் சொன்னார். அழகி குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"நீங்க கத்துறதாலதான அது ஓடுது? நாங்க சுள்ளி பொறுக்கப் போறமே, அப்பெல்லாம் ஓடுறதில்லையே."

"பின்னே?"

"நடந்து போகும். நாங்க பேசிக்கிட்டே போவோம். எங்க சத்தம் கேட்டா எந்திரிச்சு, ஒதறிக்கிட்டு, மெதுவா முன்னால போகும். நாங்க நின்னா அதும் நிக்கும். பேசாம போனாத்தான் வம்பு. திடீர்னு காலடியில கெடந்து எந்திரிச்சுப் பாயும். பொம்பளப் பேச்சு அதுக்குப் பழக்கந்தானே."

ராக்கன் கை சோற்றிலேயே நின்றது. இருபது வருஷம் கலைப்புக்குப் போன மனிதருக்கு இது தோன்றவே இல்லை. துப்பாக்கிக்காரர்களுக்கு மான் ஓடி வர வேண்டும். எண்ணுகிறவருக்கு நடந்து வந்தால்தானே நல்லது.

"எத்தனை பொம்பளைங்க வேணும்?" என்றார்.

"ஊருல இருக்கிற அம்புட்டுப் பேரும். ஆனா ஒங்க தங்கச்சியும் வருவா. அவகூட நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். அதை இப்பவே சொல்லிட்டேன்."

ராக்கனின் தங்கை செவந்தி அடுத்த வீட்டில்தான் இருந்தாள். அவள் மகள் கல்யாணத்துக்கு அழகிக்கு முறைப்படி வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. ஆளிடம் சொல்லி அனுப்பினாள். அன்றிலிருந்து மூன்று வருஷமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. "சரி, பேச வேண்டாம், வந்தாப் போதும்" என்றார் ராக்கன். அதுதான் அவர் செய்த தப்பு.

மாசி பத்து காலையில் ஐம்பத்திரண்டு பெண்கள் கண்மாய்க்கரையில் கூடினார்கள். ராக்கன் அவர்களைப் பத்தடிக்கு ஒருத்தியாக நிறுத்தினார். பெயர் விட்டுப் போகாமல் இருக்கத் தெரு வீட்டு வரிசைப்படியே கூப்பிட்டு நிறுத்தினார். ஆண்கள் இரண்டு மலைச்சரிவிலும் ஏறி உட்கார வேண்டும். ஆள் தெரிந்தால் மான் சரிவில் ஏறாது. ஆனால் யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

"நாங்க உம்முனு உக்காரணும், பொம்பளைங்க பேசணுமா?" என்றார் நல்லதம்பி. "இதுக்குக் காட்டுக்கு எதுக்கு வரணும், வீட்டுலயே அப்படித்தான."

பெண்களுக்கு ராக்கன் மூன்றே கட்டளைகள் போட்டார். கத்தக் கூடாது. நிற்கக் கூடாது. பேச்சை விடக் கூடாது.

"மாமியாளைப் பத்திப் பேசலாமா மாமா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஒன் மாமியா நாலு ஆளு தள்ளித்தான் நிக்கிறா. ஒன் சௌகரியம்."

பிறகு அவர் குறுக்குப் பாதையில் ஓடி, தென்கோடிச் சந்துக்கு மேலே பாறைக்கு வந்து சேர்ந்தார். பெரிய ஆபீசர் ஏற்கெனவே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சந்தனசாமி நோட்டுப் புத்தகத்தோடு நின்றார். வடகிழக்குக் காற்று முகத்தில் அடித்தது. ஆள் வாடை மான் பக்கம் போகாது, அது நல்லதுதான்.

எட்டு மணி ஆயிற்று. தூரத்தில் பெண்களின் பேச்சு கேட்கத் தொடங்கியது. சொற்கள் புரியவில்லை. இரண்டு பாறைச் சுவருக்கு நடுவில் அது மழைக்கால ஓடை மாதிரி ஒரே இரைச்சலாக வந்தது. முதலில் ஒரு முயல் சந்து வழியே ஓடியது. பிறகு மூன்று மயில்கள்.

"மயில் எங்க ஆபீஸ் மதில் மேலயே வருது" என்று சொல்லிவிட்டு ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தார்.

எட்டரை. ராக்கன் கண் கொட்டாமல் காட்டைப் பார்த்தார். புதர்களின் தலை அசைவது தெரிந்தது. ஆனால் அசைவு தெற்கே வரவில்லை. சட்டிமலைப் பக்கமாக ஓரிடத்தில் எல்லா அசைவும் கூடி, நின்று, மெதுவாக வடக்கே திரும்பியது. மான்கள் பின்வாங்குகின்றன. வரிசையில் எங்கோ ஓட்டை.

அவர் காதைத் தீட்டிக்கொண்டார். கூகைமலைப் பக்கம் பேச்சு. நடுவில் பேச்சு. சட்டிமலைப் பக்கம் ஓரமாகவும் பேச்சு. இடையில் ஒரே ஒரு இடத்தில் சத்தமே இல்லை. தெரு வரிசையை மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். அடுத்தடுத்த வீடு. அழகியும் செவந்தியும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கிறார்கள். இருவரும் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்தின் வழியாக மந்தை முழுவதும் தப்பித்துப் போகப் பார்க்கிறது.

கத்த முடியாது. கத்தினால் எல்லாம் சிதறிவிடும். ஓடிப் போய்ச் சொல்லவும் நேரமில்லை. ராக்கன் பாறையைக் கையால் அழுத்திக்கொண்டு நின்றார். அசைவு இன்னும் கொஞ்சம் வடக்கே நகர்ந்தது.

அப்போது அந்த இடத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. மூன்று வருஷமாக அந்தப் பெயரைச் சொல்லாத குரல். பாறையில் மோதித் தெளிவாகவே வந்தது.

"செவந்தி, ஒன் மகளுக்கு இது எத்தனாவது மாசம்?"

பதில் இல்லை.

"ஒன்னையத்தான் கேக்கிறேன். புள்ளிக்காரி நமக்கு நடுவால போறாடி. ஏதாச்சும் பேசு."

"ஏழு, மதினி" என்றது செவந்தியின் குரல். "ஒங்களுக்குப் பாக்கு வைக்காதது தப்புத்தான்."

"அதை இப்ப ஏண்டி எடுக்கிறவ?"

"வேற என்னத்தப் பேசுறது? மூணு வருசமா நெஞ்சுல இதுதான கெடக்கு."

அப்புறம் இருவரும் நிறுத்தவே இல்லை. மூன்று வருஷத்துப் பேச்சு மொத்தமாக வந்தது. யார் வீட்டுப் பசு கன்று போட்டது, யார் காது குத்துக்கு யார் வரவில்லை, யார் யாரிடம் என்ன சொன்னார்கள், எல்லாம் பாறையில் பட்டுப் பட்டு மேலே வந்தன. ஆபீசர் கூட ஒரு தடவை புன்னகை செய்தார். காட்டில் அசைவு நின்றது. பிறகு தெற்கே திரும்பியது.

ஒரு கிழட்டுப் பெட்டைமான் சந்து முனையில் வந்து நின்றது. காதை முன்னும் பின்னும் திருப்பியது. அவசரமே இல்லாமல், சந்தைக்குப் புறப்பட்டவள் மாதிரி நடந்து அந்தக் குறுகலைத் தாண்டியது. அதற்குப் பின்னால் ஒன்று. அதற்குப் பின்னால் குட்டியோடு ஒன்று. ஆபீசர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"எண்ணுங்க" என்றார் மெல்லிய குரலில்.

சந்தனசாமி ஐந்து ஐந்தாகக் கோடு கிழித்தார். கொம்பு கிளைத்த கடாக்கள், பால்குடிக் குட்டிகள், வயிறு பெருத்த சினை மான்கள் என்று வந்துகொண்டே இருந்தன. வெயில் பட்டு முதுகுப் புள்ளிகள் பளிச்சிட்டன. ஒன்றும் ஓடவில்லை. நாற்பது தாண்டியதும் சந்தனசாமி நோட்டில் பக்கத்தைப் புரட்டினார். அறுபது தாண்டியதும் சரிவில் இருந்த நல்லதம்பி வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். அவர்கூட அவ்வளவு இருக்கும் என்று நினைத்ததில்லை. கடைசி மான் போய், பின்னால் பெண்கள் சேலையில் முள்ளோடு, இன்னும் பேசிக்கொண்டே வெளியே வந்தபோது எண்ணிக்கை எழுபத்து மூன்று.

ஆபீசர் பையிலிருந்து பழைய படிவத்தை எடுத்தார். "புள்ளிமான் ஒன்றும் இல்லைன்னு இதில எழுதியிருக்கு. ராக்கன்னு கையெழுத்து. யார் அது?"

சந்தனசாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ராக்கன் முன்னால் வந்து தலைத்துண்டை எடுத்துவிட்டு நின்றார்.

"நாந்தாங்க. தெரிஞ்சேதான் பொய் சொன்னேன்."

"ஏன்?"

"மான் இருக்குன்னு சொன்னப்பல்லாம் எங்களுக்குக் கெடுதல்தாங்க நடந்திருக்கு. இல்லேன்னு சொன்னா விட்டுருவாக. அப்படியே பழகிப்போச்சு. இல்லேன்னு சொன்னாலும் கெடுதல் வரும்னு எங்களுக்கு அப்பத் தெரியாதுங்க. செயிலுக்கு அனுப்புறதா இருந்தா என்னைய மட்டும் அனுப்புங்க. காட்டை விட்டுருங்க."

ஆபீசர் பேனாவை நீட்டினார். "ஒன்றும் இல்லைன்னு இருக்கிறதை அடிச்சுட்டு, இன்னைக்குப் பார்த்த தொகையை உங்க கையாலேயே எழுதுங்க. பக்கத்தில நானும் கையெழுத்துப் போடுறேன்."

ராக்கனுக்குப் பெயர் எழுதத்தான் தெரியும். எண் எழுதிப் பழக்கமில்லை. ஏழையும் மூன்றையும் சந்தனசாமி பாறைமேல் சுண்ணாம்புக் கல்லால் எழுதிக் காட்டினார். அதைப் பார்த்து ஒவ்வொரு கோடாக எழுதினார். மூன்று கொஞ்சம் குப்புற விழுந்த மாதிரி இருந்தது. ஆனால் எழுபத்து மூன்று என்று யாருக்கும் விளங்கும்.

ஆடியில் உத்தரவு வந்தது. பள்ளத்தாக்கு ரிசர்விலேயே தொடரும், கல் குத்தகை இல்லை. சந்தனசாமி அதைச் சாவடியில் இரண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவையும் படிக்கச் சொன்னார்கள். மறுநாள் காண்ட்ராக்டரின் ஆட்கள் கொட்டகையைப் பிரித்து, சம்மட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வண்டி கண்மாய்க்கரை ஏற முடியாமல் திணறியபோது ஊர்க்காரர்களே சந்தோஷமாகத் தள்ளிவிட்டார்கள். மறு வருஷம் ராக்கனுக்குக் காட்டில் வாட்சர் வேலை கிடைத்தது. உடையப்பன் காட்டைச் சுற்றிப் போட்ட வேலியின் கதவடியில் உட்கார்ந்து ஆள் நடமாட்டம் பார்த்தார். அறுபதுகளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து இறங்கி, மான் பார்க் எங்கே என்று கேட்டார்கள். கூகைப்பட்டிக்காரர்கள் கையை நீட்டி வழி காட்டினார்கள். எத்தனை மான் என்று கேட்டால் போன மாசிக் கணக்கை உடனே சொன்னார்கள்.

ஒவ்வொரு மாசியிலும் எண்ணிக்கை நடந்தது. 1963-இல் புதிதாக வந்த ஒரு மேலதிகாரி, படிவத்தில் எண்ணும் முறை என்ற இடத்தில் "பெண்கள் பேசிக்கொண்டே நடந்தனர்" என்று இருப்பதைப் பார்த்துவிட்டு விளக்கம் கேட்டு எழுதினார். என்ன பேசினார்கள் என்பதையும் தெரிவிக்க வேண்டுமாம். சந்தனசாமி கடிதத்தோடு கூகைப்பட்டிக்கு வந்து அழகியிடம் கேட்டார்.

"குடும்ப விசயம்னு எழுதிப் போடுங்க" என்றாள் அழகி. "அதுக்கு மேல கேட்டா, மாசியில அவுகளையே வந்து நடக்கச் சொல்லுங்க."

சந்தனசாமி முதல் வரியை மட்டும் எழுதி அனுப்பினார். மறு கேள்வி வரவில்லை. அந்த வருஷத்து எண்ணிக்கை நூற்று நாற்பத்தொன்று.